எறும்புக்கும் எண் சாண்

கானான் நாட்டை உளவு பார்த்து வர மோசே பன்னிருவரை அனுப்பினார். நாற்பது நாள் கழித்துத் திரும்பியவருள் பத்துப் பேர் அச்சத்தையே செய்தியாகக் கொண்டுவந்தனர். அந்நாட்டார் நெடிய உருவினர் என்றும், அவர்கள் முன் தாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல இருந்ததாகவும், அவர்கள் கண்ணுக்கும் தாங்கள் அவ்வாறே தோன்றியதாகவும் கூறினர். எண்ணிக்கை நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் தரும் இச்செய்தி நமக்குப் பழக்கமானது. இறைவன்மேல் வைத்த நம்பிக்கை தளர்ந்தோரின் பேச்சு இது என்று மறையுரைகள் விளக்குவதையும் கேட்டிருக்கிறோம். அந்த உவமையில் வந்து போகும் வெட்டுக்கிளியைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. நெடியோன் முன் மனிதன் வெட்டுக்கிளியாகத் தோன்றினான், இருக்கட்டும். வெட்டுக்கிளியின் முன் மனிதன் எவ்வாறு தோன்றுகிறான்?

சிறுபிள்ளை கேட்கும் கேள்வி போல இது ஒலிக்கலாம். ஆனால், சிறுபிள்ளைகள் கேட்பவற்றுள் சில, பெரியோரின் உறக்கத்தைக் கெடுக்க வல்லவை. நம் வீட்டுச் சுவரில் ஊரும் எறும்பும், விளக்கைச் சுற்றும் விட்டிலும், காதருகே பாடும் கொசுவும், முற்றத்துத் துளசியில் தேன் எடுக்கும் ஈயும் நம்மோடு ஒரே கூரையின் கீழும் ஒரே வானத்தின் கீழும் வாழ்கின்றன. அவற்றை நாம் பார்க்கிறோம். அவையும் ஏதோ ஒரு வகையில் நம்மை அறிகின்றன. அவை அறியும் அந்த 'நாம்' யார்? கடந்த நூறாண்டு அறிவியல் இக்கேள்விக்குச் சில விடைகளைத் திரட்டியிருக்கிறது. அவ்விடைகள் பூச்சிகளைப் பற்றியவை என்று நினைத்துப் படிக்கத் தொடங்கினால், அவை நம்மைப் பற்றியவை என்பது சிறிது சிறிதாகப் புலப்படும்.

தன் காலால் அளக்கும் உயிர்

கற்றவர் செருக்குக் கொள்ளலாகாது என்று அறிவுறுத்தும் தனிப்பாடல் ஒன்று ஔவையார் பெயரால் வழங்குகிறது. எறும்பின் உடம்பும் அதன் கையால் அளந்தால் எட்டுச் சாண்தான் என்பது அதன் கருத்து. மனிதனுக்கு எண் சாண் உடம்பு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அளவுகோல் அவரவர் கை என்றால், உலகில் குறைந்த அளவுடையது என்று எந்த உயிரும் இல்லை. ஒவ்வொன்றும் தன் கணக்கில் முழு ஆள்.

பணிவைக் கற்பிக்கச் சொன்ன இக்கருத்து, 2006ஆம் ஆண்டில் எதிர்பாராத இடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. வட ஆப்பிரிக்காவின் துனிசியா நாட்டு உப்புவெளிகளில் ஒருவகைப் பாலை எறும்பு வாழ்கிறது. கொதிக்கும் தரையில் வாசனைத் தடம் நிலைக்காது. வழிகாட்ட மரமோ கல்லோ அங்கு இல்லை. ஆயினும், இரை தேடி வளைந்து வளைந்து அலைந்த பிறகு அது நேர்க்கோட்டில் தன் வளைக்குத் திரும்புகிறது. திசையைக் கதிரவனைக் கொண்டு அறிகிறது. தொலைவை எப்படி அறிகிறது? ஆய்வாளர் சில எறும்புகள் 10 மீட்டர் தொலைவில் இரையைக் கண்டதும் அவற்றைப் பிடித்து, கால்களில் பன்றிமயிரால் செய்த பொய்க்கால்களை ஒட்டினர். வேறு சிலவற்றின் கால் நுனிகளைக் குறைத்தனர். பொய்க்கால் எறும்புகள் வளையைத் தாண்டி ஏறத்தாழ 15 மீட்டர் நடந்து சென்று வீட்டைத் தேடின. கால் குறுகியவை 6 மீட்டருக்கும் முன்பே நின்று தேடின. எறும்பு தன் அடிகளைக் கணக்கில் வைத்தே நடக்கிறது என்பது இதனால் தெரிந்தது. தன் கையால் எண் சாண் என்றார் நம் மூதாட்டி. தன் காலால் பத்து மீட்டர் என்கிறது துனிசியா நாட்டு எறும்பு.

நம் வீட்டு எறும்புக்கு நிலைமை வேறு. அதற்கு வழி என்பது வாசனை. இரையைக் கண்ட எறும்பு திரும்பும்போது வயிற்றுப்புறத்திலிருந்து நுண்ணிய வேதிப்பொருளைத் தரையில் தீட்டிக்கொண்டே வருகிறது. பின்வருவோர் அதன்மேல் நடந்து அதை மேலும் அழுத்தமாக்குகின்றனர். சமையலறை மேடையில் நாம் காணும் எறும்புச் சாரை, அவற்றைப் பொறுத்தவரை கட்டி முடித்த நெடுஞ்சாலை. ஈரத் துணியால் நாம் ஒரு முறை துடைக்கிறோம். நமக்கு மேடை தூய்மையாயிற்று. அவற்றுக்குச் சாலையே இல்லாமற் போயிற்று. துடைப்புக்குப் பின் அவை அங்குமிங்கும் தவிப்பதைக் காண்கிறோம். தம்மைத் தாக்கியது ஒரு கை என்பதை அவை அறியா. அவை அறிந்தது ஒன்றே: இருந்த வழி இப்போது இல்லை.

அதே வீட்டின் வாசலில் அரிசி மாவால் கோலம் இடப்படுகிறது. எறும்புக்கும் இரையாகட்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. எறும்புக்கு அந்தக் கோலத்தின் புள்ளியும் இழையும் புரியப்போவதில்லை. விடியலில் வழியெங்கும் உணவு சிந்திக் கிடக்கிறது என்பது மட்டும் புரியும். மேடையைத் துடைத்த கையும் கோலமிட்ட கையும் ஒன்றே என்று அதற்கு யார் சொல்வார்?

உண்ணியின் மூன்று அடையாளங்கள்

உயிரினங்கள் உலகை எவ்வாறு காண்கின்றன என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் ஆய்வாக மேற்கொண்டவர் யாக்கோப் ஃபான் யூக்ஸ்குல். எஸ்தோனியாவில் 1864ஆம் ஆண்டு பிறந்த உயிரியலாளர் இவர். ஒவ்வோர் உயிரும் தன் புலன்களால் நெய்த தனி உலகத்துக்குள் வாழ்கிறது என்று இவர் கூறினார். ஒரே தோட்டத்தில் நிற்கும் மனிதனும் நாயும் வண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனர். ஆயினும் ஒரே உலகில் இல்லை. அவரவர்க்குப் பொருள்படுவதே அவரவர் உலகம். அதனைச் சூழுலகு என்று நாம் அழைக்கலாம்.

1934ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இவர் காட்டிய முதல் சான்று, நாய்க்கும் மாட்டுக்கும் தொல்லை தரும் உண்ணி. கண்ணில்லாத அவ்வகைப் பெண் உண்ணி செடியின் கிளை நுனிக்கு ஏறிக் காத்திருக்கிறது. பாலூட்டிகளின் தோலிலிருந்து எழும் ஒரு புளித்த அமில வாசனை எட்டியதும் பிடியை விட்டு விழுகிறது. விழுந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தால் தான் உரிய இடத்தை அடைந்ததாக உணர்கிறது. பின்பு, மயிரற்ற இடத்தைத் தொட்டறிந்து அங்கே வாயைப் பதிக்கிறது. வாசனை, வெப்பம், தொடுகை ஆகிய மூன்றே அடையாளங்கள். காட்டின் பசுமையும் பறவையின் பாட்டும் மாலைச் செவ்வானமும் அதன் உலகில் இல்லை. ரோஸ்டாக் நகர ஆய்வுக்கூடமொன்றில் 18 ஆண்டுகள் உணவின்றி உயிரோடு இருந்த உண்ணிகளைப் பற்றியும் இவர் எழுதியிருக்கிறார். அந்த மூன்று அடையாளங்களும் வந்து சேரும்வரை உலகம் அவற்றுக்குத் தொடங்கவே இல்லை.

நாம் அக்காட்டு வழியே நடந்து சென்றால் உண்ணிக்கு நாம் யார்? சிறிது அமில வாசனை, சிறிது வெப்பம், சிறிது தோல். அரசனா ஆண்டியா, குருவா இல்லறத்தாரா, நல்லவரா தீயவரா என்ற வேறுபாடு அங்கே இல்லை. நம்மை நாமே எவற்றால் அடையாளப்படுத்திக்கொள்கிறோமோ, அவற்றுள் ஒன்றுகூட அங்கே எடுபடாது. பெயரும் பட்டமும் குலமும் கணக்கில் வராத அவையொன்று உலகில் உண்டென்றால், அது ஓர் உண்ணியின் முன்தான் கூடுகிறது போலும்!

நீர்த்துளியும் நொடிப்பொழுதும்

உடலின் அளவு மாறினால் இயற்கையின் சட்டங்களே வேறு முகம் காட்டுகின்றன. இங்கிலாந்தில் பிறந்து, 1957ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் மறைந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் இதனை 1926ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் அழகாக விளக்கியிருக்கிறார். உயரத்திலிருந்து விழுவது நமக்கு மரணம். எடை மிகக் குறைந்த எறும்பைக் காற்றே தாங்கிக் கொள்வதால், மேசையிலிருந்து விழுந்தாலும் மாடியிலிருந்து விழுந்தாலும் அது எழுந்து நடக்கிறது. நாம் அஞ்சும் பள்ளம் அதற்குப் பள்ளம் அன்று.

மாறாக, நமக்கு இன்பம் தரும் நீர் அதற்குப் பெரும் ஆபத்து. குளித்து எழும் மனிதன் தன் உடலோடு கொண்டுவரும் நீர் அரைக் கிலோவுக்குள் அடங்கும். அவன் எடையில் அது பொருட்டன்று. நனைந்த சுண்டெலி ஏறத்தாழத் தன் எடையளவு நீரைச் சுமக்கிறது. நனைந்த ஈயோ தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைச் சுமக்க வேண்டும். நீரின் மேற்பரப்பு இழுவிசையில் ஒருமுறை சிக்கினால் மீள்வது அரிது. தேநீர்க் குவளையின் ஓரத்தில் நாம் சிந்தும் ஒரு துளி, அதற்கு ஒட்டிப் பிடிக்கும் கண்ணாடி மலை. உணவு அலமாரியின் கால்களுக்கு அடியில் நம் வீட்டுப் பெண்கள் நீர் நிரப்பிய கிண்ணங்களை வைப்பதும் இதை அறிந்தே. ஒரு கை நீரால் நாம் அங்கே ஒரு கடலைப் படைத்துவிடுகிறோம்.

காலமும் அவ்வாறே. மின்னி மின்னி அணையும் ஒளி, ஓரளவுக்கு மேல் விரைவாகத் துடித்தால் நம் கண்ணுக்கு நிலையான ஒளியாகத் தெரிகிறது. மனிதர்க்கு அந்த எல்லை நொடிக்கு ஏறத்தாழ 60 துடிப்பு. சிலவகை ஈக்களுக்கு 250 வரை. நொடிக்கு 24 படங்கள் ஓடும் திரைப்படத்தில் நாம் கதாநாயகன் ஓடுவதைக் காண்கிறோம். ஈக்கு அது தனித்தனி நிழற்படங்களின் வரிசையாகவே இருக்கக்கூடும். பழைய சோக்கு வைத்த குழல்விளக்கு நம் நாட்டு மின்னோட்டத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. அதன் கீழ் அமர்ந்து நாம் அமைதியாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கலாம். சுவரில் அமர்ந்த ஈயின் கண்ணில் அந்த அறை இடைவிடாது அதிர்ந்துகொண்டிருக்கும். அதை அடிக்க நாம் ஓங்கும் கை, நமக்கு மின்னல். அதற்கு மெல்ல இறங்கி வரும் ஒரு கூரை.

மூச்சும் முகமும்

கொசுவைப் பற்றிப் பேசும்போது அருளிரக்கத்தை அளவோடு வைத்துக்கொள்வதே நேர்மை. செகந்திராபாத்தில் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா நுண்ணுயிரைக் கண்டார். அந்நோயால் 2023ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 5,97,000 பேர் இறந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். எனவே, கொசுவலையைக் கட்டுவதும் தேங்கிய நீரை அகற்றுவதும் பிறரன்புப் பணிகள்தாம்.

ஆயினும், கொசு நம்மைத் தேடி வரும் வழியை அறிவது வியப்பூட்டும். முதலில் அது நம் மூச்சை அறிகிறது. நாம் வெளிவிடும் கரியமிலவளி காற்றில் மிதந்து செல்ல, பத்து மீட்டருக்கும் அப்பாலிருந்து அத்தடத்தைப் பிடித்துக்கொண்டு கொசு வருகிறது. சற்று நெருங்கியதும் கருநிற உருவங்களைக் கண்ணால் நாடுகிறது. மிக அருகில் வந்ததும் உடலின் வெப்பமும் ஈரமும் தோலின் வாசனையும் வழிகாட்டுகின்றன. கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டைகளை வளர்க்கும் புரதம் அதற்கு நம் குருதியில் கிடைக்கிறது. நமக்கு அது நோய். அதற்கு நாம் வரப்போகும் பிள்ளைகளின் உணவு. தொடக்க நூல் சொல்வதுபோல் இறைவன் நம்முள் ஊதிய உயிர்மூச்சே நம்மைக் காட்டிக் கொடுக்கிறது. மூச்சை அடக்கி ஒளிந்துகொள்ள எவராலும் இயலாது.

சிறகுடையவற்றுள் தேனீ சிறியது. ஆனால் அது தருவது இனிமையில் தலைசிறந்தது என்று சீராக்கின் ஞானம் போற்றுகிறது. அத்தேனீயின் கண்களை நமக்குத் திறந்து காட்டியவர் ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ். சாம்பல்நிற அட்டைகளுக்கிடையே ஒரு நீல அட்டையை வைத்து, அதன்மேல் சர்க்கரைநீர் தந்து பழக்கினார். பின்பு சர்க்கரைநீர் இல்லாதபோதும் தேனீக்கள் நீலத்தையே நாடி வந்தன. சிவப்பை மட்டும் அவற்றால் கருஞ்சாம்பலினின்று பிரித்தறிய முடியவில்லை. மாறாக, நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளி அவற்றுக்கு ஒரு நிறம். நாம் வெறும் மஞ்சளாகக் காணும் பல பூக்களில், தேன் இருக்குமிடத்துக்கு வழி காட்டும் கோடுகளையும் வளையங்களையும் அவை காண்கின்றன. இவ்வாய்வுகளுக்காகவும் தேனீ நடனத்தின் பொருளைக் கண்டறிந்ததற்காகவும் 1973ஆம் ஆண்டு இவர் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

2005ஆம் ஆண்டில் வேறொரு சோதனை நடந்தது. மனித முகங்களின் நிழற்படங்களைத் தேனீக்களுக்குக் காட்டி, குறிப்பிட்ட ஒரு முகத்துக்கு மட்டும் சர்க்கரைநீரைப் பரிசாகத் தந்தனர். சில நாட்களுக்குப் பின்னும் அம்முகத்தை மற்ற முகங்களிலிருந்து அவை இனங்கண்டன! கடுகளவு மூளைக்குள் நம் முகத்துக்கும் இடம் உண்டு. ஆனால், அது அங்கே முகமாக இருக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. தேன் தரும் ஏதோ விந்தையான பூவாக இருக்கலாம். சிறிய உயிர்களின் கண்ணில் நமக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த பெயர் இதுவாகத்தான் இருக்கும்.

விட்டிலின் வானம்

இதுவரை கண்டவை வியப்புக்குரியவை. இனிக் காண்பது நாம் ஆராய்ந்து தெளிய வேண்டியது.

விளக்கில் விழும் விட்டிலை நம் இலக்கியமும் மறையுரையும் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கின்றன. ஆசையால் அழியும் அறிவிலிக்கு அதுவே உவமை. ஒளியின் அழகில் மயங்கி, விளைவறியாமல் பாய்ந்து மாளும் பேதை என்று அதனைப் பழித்திருக்கிறோம். 2024ஆம் ஆண்டில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' என்னும் ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு இப்பழியை நீக்கியிருக்கிறது. விரைவுப் படக்கருவிகளைக் கொண்டு பூச்சிகளின் பறத்தலைப் பதிவு செய்த ஆய்வாளர், அவை விளக்கை நோக்கிப் பாய்வதில்லை என்று கண்டனர். அவை தம் முதுகை ஒளியின் பக்கம் திருப்புகின்றன. இரவிலும் வானமே நிலத்தைவிட வெளிச்சமானது. எனவே, வெளிச்சம் உள்ள பக்கம் மேற்புறம் என்று கொண்டு, முதுகை அதற்குக் காட்டி நிமிர்ந்து பறக்கும் வழக்கம் பூச்சியினத்தில் பல கோடி ஆண்டுகளாக ஊறியது. அருகில் ஒரு விளக்கு எரியும்போது அவ்வழக்கமே வினையாகிறது. முதுகை விளக்குக்குக் காட்டக் காட்ட, பறக்கும் வழி வளைந்து வளைந்து வட்டமாகிறது. விளக்கு கீழே இருந்தால் உடல் தலைகீழாகக் கவிழ்ந்து தரையில் மோதுகிறது.

விட்டிலுக்கு ஆசை இல்லை, மயக்கம் இல்லை. முன்னோர் கற்றுத் தந்த ஒழுங்கைப் பிழையின்றிக் கடைப்பிடிக்கிறது. வானத்தை இடம் மாற்றி வைத்தது நாம். மழைக்காலத்தின் முதல் மாலைகளில் ஈசல்கள் குழல்விளக்கை மொய்க்கும்போது, விளக்கை அணைத்து, கீழே நீர்த்தட்டு வைத்து, மறுநாள் காலையில் இறகுகளைக் கூட்டித் தள்ளுகிறோம். ஈசலுக்கு ஓர் இரவுதான் வாழ்வு என்று இரங்கவும் செய்கிறோம். அந்த ஓர் இரவில் அது புற்றைவிட்டு எழுந்து, துணையைத் தேடி, புதிய குடியைத் தொடங்க வேண்டும் என்பதும் அதனுள் அடங்கும்.

ஒளியைப் போலவே மெருகும் ஒரு பொறி. நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளிக்குக் கிடைமட்ட அதிர்வு மிகுதி. நீரில் முட்டையிடும் பூச்சிகள் பல அந்த அதிர்வைக் கொண்டே நீர்நிலையை அறிகின்றன. கருந்தார்ச் சாலையும் அவ்வாறே ஒளியைத் திருப்புவதால், ஓடை என்று எண்ணி அதன்மேல் முட்டையிடும் பூச்சிகளை அங்கேரி நாட்டு ஆய்வாளர் 1998ஆம் ஆண்டில் விளக்கினர். 2007ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்லறைத் தோட்டமொன்றில் தட்டான்கள் மெருகேற்றிய கருங்கற் கல்லறைகளைச் சுற்றிப் பறப்பதையும் அவற்றின்மேல் உரிமை கொண்டாடுவதையும் கண்டனர். அவற்றின் கண்ணுக்கு அக்கல் குளம். இறந்தோர் நினைவு மங்காதிருக்க அன்போடு எழுப்பிய கல், அவற்றுக்கு இல்லாத நீரைக் காட்டும் பொய்யாயிற்று. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் சுண்ணாம்பு பூசிய பழைய மேடைகளுக்குப் பதிலாக இன்று கண்ணாடிபோல் மின்னும் கறுப்புக் கற்கள் பெருகிவருகின்றன. நவம்பர் 2ஆம் நாள் நாம் மெழுகுதிரியும் மலருமாக அங்கு செல்லும்போது, மழைக்காலத் தட்டான்களும் பறந்துகொண்டிருக்கும்.

நஞ்சைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கூறலாம். புகையிலை நஞ்சை ஒத்த ஒருவகைப் பூச்சிக்கொல்லிகள் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடுகின்றன. அவற்றின் சுவையைத் தேனீயின் நாவால் உணர முடியவில்லை என்றும், அவற்றுள் சில கலந்த சர்க்கரைநீரையே தேனீக்கள் மிகுதியாக நாடின என்றும் 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் அவ்வகையில் மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. செருமானிய நாட்டில் பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் 27 ஆண்டுகள் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து எடைபோட்ட ஆய்வு, அவற்றின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்துவிட்டதை 2017ஆம் ஆண்டில் வெளியிட்டது. நஞ்சு தெளித்தவர் எவரும் தேனீயை வெறுத்தவர் அல்லர். விளக்கை ஏற்றியவர் விட்டிலை வெறுத்தவர் அல்லர். கல்லறையைக் கட்டியவர் தட்டானை எண்ணியவரே அல்லர்.

எப்போது கண்டோம்?

கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. சிறிய உயிர்களுக்கு நம் முகம் தெரியாது. நம் எண்ணம் தெரியாது. நம் நல்ல மனம் தெரியவே தெரியாது. நம் மூச்சு தெரியும். நம் நிழல் தெரியும். நம் விளக்கும் நம் நஞ்சும் நம் கோலமாவும் தெரியும். அதாவது, நாம் கருதிச் செய்தவற்றைவிடக் கருதாமல் செய்தவையே அவற்றின் உலகில் 'மனிதன்' என்று பெயர் பெறுகின்றன. நாம் அறியாது விட்டுச் செல்லும் தடமே அங்கே நம் முகம்.

இது பூச்சிகளோடு நின்றுவிடுவதாக இருந்தால் நாம் இத்தனை தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. பெரிய வீட்டின் சுற்றுச்சுவருக்கு வெளியே சாலையோரத்தில் உறங்குவோர்க்கு அவ்வீட்டார் யார்? நள்ளிரவில் கண்ணில் பாயும் வாகன வெளிச்சம். இரும்புக் கதவின் ஒலி. மழைநாளில் சேற்றை வாரியடிக்கும் சக்கரம். அவ்வீட்டார் இறைப்பற்றுடையோராக இருக்கலாம். மாதந்தோறும் அறச்செயலுக்குப் பணம் அனுப்புவோராகவும் இருக்கலாம். சுவருக்கு வெளியே அது தெரியாது. ஆலையின் கழிவுநீர் கலக்கும் ஆற்றின் கரையில் வாழ்வோர்க்கு அந்த ஆலை முதலாளியின் முகம் ஆற்றின் நிறமாகவே அறிமுகமாகிறது. மண்ணுக்கு அருகில் வாழும் மனிதர், மேலே உள்ளவரை மேலே உள்ளவர் விரும்பும் வண்ணம் அறிவதில்லை. தம்மேல் வந்து விழும் விளைவுகளால் அறிகின்றனர்.

மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரம் காட்டும் இறுதித் தீர்ப்பை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே வலப்புறம் நிற்போரும் இடப்புறம் நிற்போரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். உம்மை எப்போது கண்டோம் என்பதே அது. நன்மை செய்தவருக்கும் தாம் செய்தது தெரியவில்லை. செய்யத் தவறியவருக்கும் தாம் தவறவிட்டது தெரியவில்லை. இருவரும் வியக்கின்றனர். நாம் வைத்திருக்கும் கணக்கேடு ஒன்று. சிறியோரின் பக்கத்திலிருந்து எழுதப்படும் கணக்கேடு வேறொன்று. தீர்ப்புக்கு எடுக்கப்படுவது இரண்டாவது ஏடு. அந்த ஏட்டின் ஓரப் பக்கமொன்றில் எறும்பும் விட்டிலும் தம் எழுத்தால் ஏதேனும் குறித்து வைத்திருக்கின்றனவோ என்னவோ, படைத்தவரே அறிவார். மிகக் குறைந்த காசுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவியையும் மறவாத தந்தை என்று ஆண்டவர் இயேசு அவரை நமக்குக் காட்டியிருக்கிறார்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசு வழியில் கிடக்கும் புழுக்களை மிதிபடாதபடி எடுத்து ஓரத்தில் விட்டார் என்றும், குளிர்காலத்தில் தேனீக்கள் மடியாதிருக்கத் தேனும் திராட்சை மதுவும் வைக்கச் செய்தார் என்றும் அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். இவற்றை இளகிய மனத்தின் செயல்கள் என்று மட்டும் நாம் கொள்ளலாகாது. புழுவின் பக்கத்திலிருந்து பாதையைப் பார்க்க அவர் கற்றிருந்தார். தேனீயின் பக்கத்திலிருந்து பனிக்காலத்தை எண்ணிப் பார்த்தார். அவரைச் சூழலியலாரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979ஆம் ஆண்டில் அறிவித்தார். அவர் பெயரைத் தாங்கிய திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டு எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், படைப்பின் நல்லியக்கத்துக்குப் புழுக்களும் பூச்சிகளும் நுண்ணுயிர்களும் இன்றியமையாதவை என்பதை மறவாமல் எடுத்துரைக்கிறது.

எறும்பின் உள்ளத்துக்குள் நுழைந்து பார்க்க நம்மால் இயலாது. சோதனைகள் நமக்குச் சொல்வன அது எதற்கு அசைகிறது, எதற்கு அசைவதில்லை என்பவை மட்டுமே. ஆனால், அதன் உயரத்துக்குக் குனிய நம்மால் இயலும். குனிவது நம் சமயத்துக்குப் புதிதன்று. மேலே இருந்து மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு அமையாமல், மனித அளவுக்குத் தம்மைச் சுருக்கிக்கொண்டு, மாட்டுத் தொழுவத்தில் குழந்தையாய்க் கிடந்தவரைத்தான் நாம் இறைமகன் என்று வழிபடுகிறோம். பெரியது சிறியதை அறிய வேறு வழி இல்லை என்று இறைவனே கண்டிருக்கிறார்!

குனிந்தால் செய்வதற்குச் சில உண்டு. பங்குத் திருவிழாவின் பத்து நாளும் கோபுரத்தில் எரியும் சரவிளக்குகளைத் தேர்ப்பவனி முடிந்து மக்கள் வீடு திரும்பியபின் அணைத்துவிடலாம். தெருவிளக்குக்கு மேல்மூடி இட்டு, ஒளி தரையில் மட்டும் விழச் செய்யலாம். கல்லறைக் கல்லைக் கண்ணாடியாய் மெருகேற்றாமல் சொரசொரப்பாகவே விடலாம். இறந்தோர்க்கு அதனால் மதிப்புக் குறையாது. பூ மலர்ந்திருக்கும் நாளில் மருந்து தெளிப்பதைத் தள்ளிவைக்கலாம். கொதிநீரை மண்ணில் கொட்டுமுன் சற்று ஆறவிடலாம். இவற்றுள் எதற்கும் எந்த உயிரும் நமக்கு நன்றி சொல்லப்போவதில்லை. செய்தது ஒரு மனிதன் என்பதும் அவற்றுக்குத் தெரியப்போவதில்லை. இன்றிரவு வானம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் விட்டிலுக்குத் தெரியும். அதற்கு அது போதும், நமக்கும் போதும்.